நன்றாகப் பேசியவர் ஏன் தோற்கிறார்? அமெரிக்க பிரைமரி விவாதத்தை எடைபோடும் விதம்

2023 ஆகஸ்ட் 23 அன்று மில்வாக்கி நகரில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக விரும்பியவர்களின் முதல் விவாதம் நடந்தது. அது முடிந்த கையோடு தமிழ் இணையத்தில் பலரும் பேசியது விவேக் ராமசாமியைப் பற்றி. பாலக்காட்டு வேர், தமிழ் பேசும் குடும்பம், 38 வயது, எந்தத் தேர்தல் பதவியிலும் இருந்ததில்லை. அப்படிப்பட்டவர் ஒரு முன்னாள் துணை அதிபரும் பல ஆளுநர்களும் நின்ற மேடையில் யாருக்கும் சளைக்காமல் பதிலுக்குப் பதில் கொடுத்தார். "நம்ம பையன் பின்னிட்டான்" என்று பாராட்டு குவிந்தது. 2024 ஜனவரி 15 அன்று ஐயோவா மாநிலத்தில் முதல் வாக்குப்பதிவு நடந்தபோது அவருக்குக் கிடைத்தது 7.7 சதவீதம். அன்றிரவே போட்டியிலிருந்து விலகினார். அந்தப் பருவத்தில் ஒரு பிரைமரி விவாதத்துக்குக்கூட வராத டிரம்ப் 51 சதவீதம் வாங்கியிருந்தார்.

இதைப் பார்த்ததும் பேச்சு அப்படியே மறுபக்கம் சாய்ந்தது. "விவாதமெல்லாம் கண்துடைப்பு, எல்லாம் முன்பே முடிவானது" என்றார்கள். முதலில் சொன்னதும் தவறு, பிறகு சொன்னதும் தவறு. விவாதத்துக்குச் சக்தி உண்டு. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் பட்டிமன்றத் தீர்ப்பு சொல்வதுபோல் "யார் நன்றாகப் பேசினார்" என்று மட்டும் கேட்பதால்தான் ஒவ்வொரு முறையும் ஏமாந்துபோகிறோம். கமலா ஹாரிஸ் விஷயத்தில் 2019இலும் இதுவேதான் நடந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

வேட்பாளர்கள் மேடை ஏறும் முன்பே அவர்களின் பலத்தையும் பலவீனத்தையும் ஓரளவு சரியாக எடைபோட முடியும். அதற்கு அமெரிக்க அரசியலைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டியதில்லை. சில அடிப்படைகள் தெரிந்தால் போதும்.

இது எந்தத் தேர்தல்?

மாவட்டப் போட்டிக்குப் போகும் ஊர்க் கபடி அணிக்கு ஒரு கேப்டன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஊரிலேயே எட்டுப் பேர் அந்த இடத்துக்கு ஆசைப்படுகிறார்கள். தேர்ந்தெடுப்பவர்கள் அத்தனை பேரும் சொந்த ஊர்க்காரர்கள். அவர்கள் மனதில் இரண்டு கேள்விகள் ஓடும். "இவன் நமக்காக நிப்பானா?" என்பது ஒன்று. "இவனை அனுப்பினா ஜெயிச்சுட்டு வருவானா?" என்பது மற்றொன்று. எட்டுப் பேரும் ஒருவரையொருவர் மடக்கித்தான் தங்கள் திறமையைக் காட்டியாக வேண்டும். ஆனால் மடக்குகிற வேகத்தில் ஒருவன் இன்னொருவனின் காலை உடைத்துவிட்டால் மாவட்டப் போட்டியில் நஷ்டம் ஊருக்குத்தான். உடைத்தவனை ஊர் மன்னிக்காது.

பிரைமரி என்பது இதே ஏற்பாடுதான். நவம்பரில் நடக்கும் அதிபர் தேர்தலில் ஒரு கட்சியின் சார்பில் யார் நிற்பது என்பதை அந்தக் கட்சியின் ஆதரவாளர்களே வாக்களித்து முடிவு செய்யும் உட்கட்சித் தேர்தல் அது. நம் ஊரில் வேட்பாளரைத் தலைமை அறிவிக்கும். அங்கே சாதாரண வாக்காளர் தேர்ந்தெடுக்கிறார். ஐயோவா போன்ற சில மாநிலங்களில் பள்ளிக்கூடம், சமூகக்கூடம் போன்ற இடங்களில் மாலை நேரத்தில் கூடி, ஆதரவாளர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வாக்களிப்பார்கள். அந்தக் கூட்டமுறைக்குக் காகஸ் என்று பெயர்.

ஊர்க்காரர்களின் அந்த இரண்டு கேள்விகளும் பல நேரம் ஒன்றையொன்று இழுக்கும். கட்சிக்காரர்களைக் குளிர வைக்கும் பேச்சு நவம்பரில் நடுநிலையாளர்களை விரட்டிவிடலாம். நவம்பரில் ஜெயிக்கக்கூடிய நிதானமான ஆளைக் கட்சிக்காரர்களுக்கே பிடிக்காமல் போகலாம். பிரைமரி விவாதத்தில் ஒவ்வொரு பதிலும் இந்த இழுபறிக்கு நடுவில்தான் சொல்லப்படுகிறது. இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு பார்க்கும் நமக்கு ஒரு பதில் அபத்தமாகத் தோன்றினால், அது நமக்காகச் சொல்லப்பட்டதில்லை என்பதை முதலில் நினைவில் வைக்க வேண்டும்.

நாடு முழுக்க ஒரே நாளில் நடப்பதில்லை

"தேசியக் கருத்துக்கணிப்பில் இவருக்கு 10 சதவீதம், அவருக்கு 14 சதவீதம்" என்று செய்திகள் வரும். பிரைமரி நாடு முழுவதும் ஒரே நாளில் நடந்தால் இந்த எண்களுக்குப் பெரிய மதிப்பு இருக்கும். ஆனால் அது மாநிலம் மாநிலமாக, மாதக்கணக்கில் நடக்கிறது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் டெலிகேட்டுகள் உண்டு. கட்சியின் தேசிய மாநாட்டில் தங்கள் மாநிலத்தின் முடிவுப்படி வேட்பாளருக்கு வாக்களிக்கும் பிரதிநிதிகள்தான் டெலிகேட்டுகள். 2024இல் குடியரசுக் கட்சியில் மொத்தம் 2,429 டெலிகேட்டுகள். 1,215 பெற்றவருக்கு வேட்பாளர் இடம்.

இதில் ஐயோவாவின் பங்கு வெறும் 40. சுமார் 32 லட்சம் மக்கள் வாழும் அந்த மாநிலத்தில் 2024 ஜனவரியின் கடும் பனியில் குடியரசுக் கட்சியின் காகஸுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 1,10,000 பேர்தான். நம் ஊர்ச் சட்டமன்றத் தொகுதி ஒன்றில் விழும் வாக்குகளைவிடக் குறைவு! இருந்தும் வேட்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் அங்கே கிடையாய்க் கிடக்கிறார்கள். காரணம், முதலில் வாக்களிக்கும் மாநிலத்தின் முடிவு செய்தியாகிறது, செய்தி நன்கொடையாகிறது, நன்கொடை அடுத்த மாநிலத்தில் விளம்பரமாகவும் ஆட்களாகவும் மாறுகிறது. முதல் இரண்டு மாநிலங்களில் தேறாதவருக்குப் பணம் கொடுக்கப் பெரும்பாலும் யாரும் முன்வருவதில்லை.

அந்த மாநிலங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஐயோவாவின் குடியரசுக் கட்சியில் பக்தி மிகுந்த இவாஞ்சலிகல் கிறிஸ்தவர்கள் அதிகம். நியூ ஹாம்ப்ஷயரில் மதப்பிடிப்பு குறைவு. எந்தக் கட்சியிலும் பதியாதவர்களும் பிரைமரியில் வாக்களிக்கலாம். தென் கரோலினாவின் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் கறுப்பின வாக்காளர்களே பெரும்பான்மை.

2020இல் ஜோ பைடனுக்கு நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். விவாதங்களில் அவர் தடுமாறினார், பாதியில் நிறுத்தினார், நேரம் முடிந்துவிட்டது என்று தானே பேச்சை வெட்டிக்கொண்டார். நியூ ஹாம்ப்ஷயரில் 8.4 சதவீதத்துடன் ஐந்தாம் இடம். அவர் கதை முடிந்தது என்று எழுதாத ஊடகம் குறைவு. ஆனால் அவருடைய பலம் இருந்த இடம் தென் கரோலினா. பிப்ரவரி 26 அன்று அம்மாநிலத்தின் செல்வாக்குள்ள கறுப்பினத் தலைவர் ஜிம் கிளைபர்ன் ஆதரவு அறிவித்தார். 29ஆம் தேதி வாக்குப்பதிவில் பைடனுக்கு 48 சதவீதத்துக்கு மேல். மூன்றே நாள் கழித்து 14 மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களித்த சூப்பர் செவ்வாயில் பத்து மாநிலங்கள் அவர் பக்கம். அவர் பேச்சு அந்த ஒரு வாரத்தில் திடீரென்று மேம்பட்டுவிடவில்லை. வாக்களிக்கும் ஆட்கள் மாறினார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: விவாத மேடையில் நிற்பவர் கட்சிக்காரர்களிடம் பேசுகிறார், அதிலும் முதலில் வாக்களிக்கும் இரண்டு மூன்று மாநிலத்துக் கட்சிக்காரர்களிடம். அவர் பலத்தையும் பலவீனத்தையும் அந்த ஆட்களின் கண்ணால்தான் அளக்க வேண்டும்.

ஒரே விஷயம், பலமும் அதுவே பலவீனமும் அதுவே

புளோரிடா ஆளுநர் ரான் டிசாண்டிஸ் 2023 ஏப்ரலில் ஆறு வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்பைத் தடை செய்யும் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஐயோவாவின் இவாஞ்சலிகல் வாக்காளரிடம் போனால் இது பெரிய பலம். நியூ ஹாம்ப்ஷயரின் கட்சி சாராத வாக்காளரிடம் போனால் பலவீனம். நவம்பர் தேர்தலை நினைத்துக் கவலைப்படும் பெரிய நன்கொடையாளருக்கு அதுவே தலைவலி. சட்டம் ஒன்றுதான்.

நிக்கி ஹேலியின் உக்ரைன் ஆதரவும் அப்படித்தான். ஐ.நா. தூதராக இருந்தவர் என்பதால் வெளியுறவு விஷயத்தில் அவருக்கு எடை உண்டு. பழைய பாணிக் குடியரசுக் கட்சிக்காரர்கள் அதற்காகவே அவரை மதித்தார்கள். டிரம்ப்புக்குப் பின் கட்சியில் பெருகிய, "நம் பணத்தை ஏன் அங்கே கொட்ட வேண்டும்" என்று கேட்கும் கூட்டம் அதற்காகவே அவரை ஒதுக்கியது.

எனவே "இவருக்கு அனுபவம் இருக்கிறது, அதனால் பலம்" என்று பொதுவாகப் பட்டியல் போடுவதில் பயனில்லை. யாரிடம், எங்கே என்ற இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஒரே வகை வாக்காளரைக் குறிவைத்து இரண்டு மூன்று வேட்பாளர்கள் நிற்பார்கள். அப்படி ஒரே வாக்குக்குப் போட்டியிடுபவர்கள் ஒரே தடத்தில் ஓடுகிறார்கள் என்பார்கள். மேடையில் யார் யாரை அடிப்பார் என்று கணிக்க இந்தத் தடம்தான் முக்கியமான குறிப்பு. நம் வாக்கைத் தின்கிறவரைத்தான் அடிப்போம். எங்கோ இருக்கும் எதிராளியை அடித்து என்ன கிடைக்கும்?

மில்வாக்கி மேடையை எடைபோட்டால்

அந்த மேடைக்கு ஏறவே நிபந்தனைகள் இருந்தன. குறைந்தது 40,000 தனித்தனி நன்கொடையாளர்கள், கருத்துக்கணிப்புகளில் குறைந்தது 1 சதவீதம், கட்சி தேர்ந்தெடுப்பவரை ஆதரிப்பேன் என்ற உறுதிமொழி. அப்போதைய வடக்கு டகோட்டா ஆளுநர் டக் பர்கம் நன்கொடையாளர் எண்ணிக்கையை எட்ட ஒரு வழி கண்டார்: ஒரு டாலர் கொடுப்பவர்களுக்கு 20 டாலர் பரிசு அட்டை. இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. மேடையில் இடம் கிடைப்பதே சிறிய வேட்பாளருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எனக்கு இந்த ஒரு செய்தி புரியவைத்தது. கடைசியில் எட்டுப் பேர் ஏறினார்கள். கருத்துக்கணிப்பில் முன்னணியில் இருப்பவருக்கு நடு இடம் என்பது வழக்கம். அன்று நடுவில் நின்றவர்கள் டிசாண்டிஸும் விவேக்கும்.

டிசாண்டிஸ் 2022இல் புளோரிடாவில் 19 புள்ளி வித்தியாசத்தில் மறுபடி ஜெயித்தவர். டிரம்ப்பின் கொள்கைகளை டிரம்ப்பின் தொல்லைகள் இல்லாமல் தருவேன் என்பதே அவருடைய விற்பனைச் சரக்கு. ஆனால் 2023 ஜூலையில் பிரச்சாரக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு ஆட்களைக் குறைத்திருந்தார், ஆகஸ்டில் குழுவின் மேலாளரையே மாற்றியிருந்தார். மக்களோடு ஒட்ட மாட்டேன் என்கிறார் என்ற பேச்சு வேறு. இரண்டாம் இடத்தில் இருப்பவர் என்பதால் எல்லோரும் அவரைத்தான் அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள்.

முன்னாள் துணை அதிபர் மைக் பென்ஸ் கட்சியின் பழைய மதவாதப் பிரிவுக்கு மிகப் பொருத்தமான ஆள். ஆனால் 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் கேட்டபடி தேர்தல் முடிவை நிறுத்த மறுத்தவர். நாட்டின் பார்வையில் அது நேர்மை. டிரம்ப் ஆதரவாளர் பார்வையில் துரோகம். அவர் எவ்வளவு நன்றாக விளக்கினாலும் விவாதத்தால் கழுவ முடியாத கறை அது.

கிறிஸ் கிறிஸ்டி முன்னாள் அரசு வழக்கறிஞர், மேடையில் எதிராளியைக் கிழிப்பதில் வல்லவர். டிரம்ப்பை நேருக்கு நேர் மடக்குவேன் என்று சொல்லியே களம் இறங்கினார். டிரம்ப் வரவில்லை. அவருடைய ஒரே ஆயுதத்துக்கு எதிரே இலக்கு இல்லை. செனட்டர் டிம் ஸ்காட் இனிமையாகப் பேசுபவர், யாரையும் புண்படுத்தாதவர். எட்டுப் பேர் முட்டி மோதும் மேடையில் இனிமை காணாமல் போய்விடும்.

இப்போது விவேக். புதுமுகம், சொந்தப் பணம், கூப்பிட்ட நிகழ்ச்சிக்கெல்லாம் போய்ப் பேசும் சுறுசுறுப்பு. இதெல்லாம் பலம். ஆனால் அவர் டிரம்ப்பை 21ஆம் நூற்றாண்டின் சிறந்த அதிபர் என்றே அந்த மேடையில் சொன்னார். ஒரு ஐயோவா வாக்காளர் அதைக் கேட்டுவிட்டு என்ன நினைப்பார்? சிறந்த அதிபரே போட்டியில் இருக்கும்போது நான் ஏன் இவருக்குப் போட வேண்டும் என்றுதான் நினைப்பார். அவருக்குக் கைதட்டிய கூட்டம் டிரம்ப்பின் கூட்டம். தட்டிவிட்டு அவர்கள் டிரம்ப்புக்குத்தான் வாக்களிப்பார்கள். இந்தக் கணக்கை விவாதத்துக்கு முன்பே போட்டிருந்தால் ஐயோவாவின் 7.7 சதவீதம் யாருக்கும் அதிர்ச்சியாக இருந்திருக்காது.

ஹேலி அப்போது கணிப்புகளில் மிகப் பின்தங்கி இருந்தார். அவரிடம் எதிர்பார்ப்பு குறைவு. விவேக்கைப் பார்த்து வெளியுறவில் உங்களுக்கு அனுபவம் இல்லை, அது தெரிகிறது என்று அவர் சொன்ன இடத்தில் அரங்கம் அதிர்ந்தது. அதே மேடையில் டிரம்ப் அமெரிக்காவிலேயே மிகவும் வெறுக்கப்படும் அரசியல்வாதி, அவரை வைத்து நவம்பரில் ஜெயிக்க முடியாது என்றும் சொன்னார். ஊர்க்காரர்களின் இரண்டாவது கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு பேசியவர் அவர்.

வெளியே வந்த திட்டக் குறிப்பு

விவாதத்துக்கு முன் உள்ளே எப்படி எடைபோடுகிறார்கள் என்பதை வெளியாட்கள் பார்ப்பது அபூர்வம். மில்வாக்கிக்கு ஒரு வாரம் முன் அந்த வாய்ப்பு கிடைத்தது. டிசாண்டிஸை ஆதரித்த சூப்பர் பேக்கின் ஆலோசனை நிறுவனம் ஒன்று, தன் இணையதளத்தில் ஒரு குறிப்பை ஏற்றியிருந்தது. நியூயார்க் டைம்ஸ் அதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டது. சூப்பர் பேக் என்பது வேட்பாளருக்காக வரம்பில்லாமல் பணம் திரட்டிச் செலவிடும் அமைப்பு. ஆனால் வேட்பாளரின் குழுவோடு தனியாக உட்கார்ந்து திட்டம் போட அதற்குச் சட்டத்தில் அனுமதி இல்லை. அதனால் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய இடத்தில் போட்டுவைத்து, உரியவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது ஒரு நடைமுறை.

அந்தக் குறிப்பில் நான்கு வேலைகள் இருந்தன. பைடனையும் ஊடகங்களையும் மூன்று முதல் ஐந்து முறை தாக்க வேண்டும். தன் நோக்கத்தை இரண்டு மூன்று முறை சொல்ல வேண்டும். விவேக் ராமசாமியைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் அடிக்க வேண்டும்; "போலி விவேக்" என்று பட்டப்பெயர்கூட எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான்காவது, கிறிஸ்டி டிரம்ப்பைத் தாக்கினால் அங்கே இல்லாத டிரம்ப்புக்காக டிசாண்டிஸ் பரிந்து பேச வேண்டும்.

கடைசி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வெகுதூரம் முன்னால் ஓடுபவர் டிரம்ப். அவரைப் பாதுகாக்கச் சொல்கிறது. பின்னால் வருகிற விவேக்கை அடிக்கச் சொல்கிறது. முதல் பார்வையில் இது கோழைத்தனம். தடத்தை வைத்துப் பார்த்தால் காரணம் தெரியும். டிசாண்டிஸுக்கு வேண்டிய வாக்காளர்கள் டிரம்ப்பை நேசிப்பவர்கள், அவரைத் திட்டினால் வர மாட்டார்கள். டிரம்ப்புக்கு மாற்றாக ஒரு இளையவர் என்ற இடத்தைப் பங்குபோட வந்தவர் விவேக்.

ஆனால் குறிப்பு வெளியானதே ஒரு பாரமாகிவிட்டது. அதில் இருந்ததைச் சொன்னால் எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறார் என்பார்கள். மேடையில் டிசாண்டிஸ் விவேக்கைப் பெரும்பாலும் தொடவே இல்லை. அந்த வேலையை பென்ஸும் கிறிஸ்டியும் ஹேலியும் செய்தார்கள். டிரம்ப் குற்றவாளி என்று தீர்ப்பானாலும், கட்சி அவரைத் தேர்ந்தெடுத்தால் ஆதரிப்பீர்களா என்று நெறியாளர்கள் கையுயர்த்தச் சொன்னபோது விவேக்கின் கை சட்டென்று மேலே போனது. டிசாண்டிஸ் இருபுறமும் திரும்பிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். சில விநாடிக் காட்சிதான். அவருக்குத் தனி நிலைப்பாடு இருக்கிறதா என்ற பழைய சந்தேகத்துக்கு அதைவிடத் தெளிவான படம் யாருக்கும் தேவைப்படவில்லை.

எந்தத் தவறு கொல்லும், எது மறந்துபோகும்?

2011 நவம்பர் 9 அன்று மிச்சிகனில் நடந்த விவாதத்தில் டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரி, தான் அதிபரானால் மூன்று அரசுத் துறைகளை மூடுவேன் என்றார். வர்த்தகம், கல்வி... மூன்றாவது ஞாபகம் வரவில்லை. திணறித் திணறி, கடைசியில் "ஊப்ஸ்" என்றார். (மறந்துபோனது எரிசக்தித் துறை, 2017இல் அதே துறைக்கு அவர் அமைச்சரானார்.) மறதி யாருக்கும் வரும். பெர்ரிக்கு அது ஏன் கொள்ளியாக முடிந்தது? முந்தைய விவாதங்களிலேயே இவர் தயாராக இல்லை, ஆழம் இல்லை என்ற பேச்சு கிளம்பியிருந்தது. ஊப்ஸ் அதற்கு முத்திரை குத்தியது.

அப்போது செனட்டராக இருந்த மார்க்கோ ரூபியோவுக்கு 2016 பிப்ரவரி 6இல் நடந்ததும் இதுவே. மனப்பாடம் செய்து ஒப்பிப்பவர் என்ற குற்றச்சாட்டு அவர்மேல் ஏற்கெனவே இருந்தது. கிறிஸ்டி அதைச் சுட்டிக்காட்டித் தாக்க, ரூபியோ பதிலுக்கு ஒபாமாவைப் பற்றிய அதே வாக்கியத்தைத் திரும்பவும் சொன்னார். கிறிஸ்டி "இதோ பாருங்கள்" என்று கை காட்ட, மறுபடியும் அதையே சொன்னார். மூன்று நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயரில் அவருக்கு ஐந்தாம் இடம்.

ஆக, விவாதத்துக்கு முன் ஒவ்வொரு வேட்பாளரைப் பற்றியும் மக்கள் மனதில் ஏற்கெனவே இருக்கும் சந்தேகம் எது என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சந்தேகத்தை உறுதி செய்யும் தவறு தங்கும். மற்றவை இரண்டு நாளில் போய்விடும்.

அடித்தவருக்கு என்ன கிடைத்தது?

ரூபியோவை வீழ்த்திய கிறிஸ்டிக்கு நியூ ஹாம்ப்ஷயரில் கிடைத்தது ஆறாம் இடம். அடுத்த நாளே விலகினார். அங்கே ஜெயித்தவர் டிரம்ப். நம் பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இதுதான். இருவர் மோதும் மேடையில் ஒருவர் விழுந்தால் மற்றவர் எழுவார். எட்டுப் பேர், பத்துப் பேர் நிற்கும் மேடையில் விழுந்தவரின் வாக்கு மூன்றாவது ஆளிடம் போகலாம்.

2020 பிப்ரவரி 19, லாஸ் வேகாஸ், ஜனநாயகக் கட்சி விவாதம். கோடீஸ்வரர் மைக்கேல் ப்ளூம்பெர்க் முதன்முறையாக மேடையேறுகிறார். சக போட்டியாளரான செனட்டர் எலிசபெத் வாரன் தொடக்கத்திலேயே பெண்களைப் பற்றி அவர் பேசியதாகச் சொல்லப்பட்டவற்றையும், அவர் நிறுவனத்தில் பெண்கள் கையெழுத்திட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தங்களையும் எடுத்து வைத்துப் பிளந்துவிட்டார். நான் பார்த்த பிரைமரி விவாதங்களில் அவ்வளவு முழுமையான தாக்குதல் வேறில்லை. ப்ளூம்பெர்க் சூப்பர் செவ்வாயில் அமெரிக்கன் சமோவா என்ற சிறு தீவுப் பகுதியை மட்டும் வென்று மறுநாள் விலகினார். வாரனோ தன் சொந்த மாநிலமான மாசசூசெட்ஸில் மூன்றாவதாக வந்து, அதற்கடுத்த நாள் விலகினார். ப்ளூம்பெர்க் நம்பியிருந்த மிதவாத வாக்காளருக்கு அடுத்த வீடு பைடன்; இடதுசாரி வாரன் அல்ல. லாபம் பைடனுக்கு.

இனி கமலா ஹாரிஸ். 2019 ஜூன் 27, மயாமி. திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தாத்தாவின் பேத்தி, பைடனை நோக்கித் திரும்பி, பள்ளிகளில் இனப் பிரிவினையை நீக்கப் பேருந்தில் குழந்தைகளை அனுப்பிய திட்டத்தை நீங்கள் எதிர்த்தீர்கள், அந்தப் பேருந்தில் போன சிறுமி நான்தான் என்றார். கணிப்புகளில் அவர் ஆதரவு மளமளவென்று ஏறியது. ஏறியதைத் தாங்கக் கீழே ஒன்றும் இல்லை என்பதுதான் சோகம். அப்படியானால் இன்று அந்தத் திட்டத்தைக் கொண்டுவருவீர்களா என்று கேட்டபோது தெளிவான பதில் வரவில்லை. மருத்துவக் காப்பீட்டிலும் நிலைப்பாடு ஆடியது. ஜூலை இறுதியில் டெட்ராய்ட் விவாதத்தில் சக போட்டியாளர் துளசி கபார்ட், ஹாரிஸ் அரசு வழக்கறிஞராக இருந்த காலத்தை எடுத்துத் தாக்கினார். ஹாரிஸின் சரிவு தொடர்ந்தது. கபார்டும் மேலே வரவில்லை. பணம் தீர்ந்து, ஒரு வாக்குகூட விழும் முன்பே, டிசம்பர் 3 அன்று ஹாரிஸ் விலகினார்.

சுருக்கமாக: தாக்குதல் நன்றாக இருந்ததா என்பதோடு, விழுகிறவரின் வாக்கு யாரிடம் போகும், உயர்கிறவர் அந்த உயரத்தில் நிற்க அவரிடம் என்ன இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வராமல் இருப்பதும் ஒரு ஆட்டம்

முன்னணியில் இருப்பவருக்கு மேடை லாபத்தைவிட ஆபத்துதான் அதிகம். ஆனால் வராமல் இருப்பது எப்போதும் பலித்ததில்லை. 1980 ஜனவரியில் ஐயோவா விவாதத்தை ரொனால்ட் ரீகன் தவிர்த்தார். அந்தக் காகஸில் ஜார்ஜ் புஷ்ஷிடம் தோற்றார். பாடம் கற்று, பிப்ரவரியில் நியூ ஹாம்ப்ஷயரின் நாஷுவா மேடைக்கு வந்து, மைக்கை அணைக்கப் பார்த்தவரிடம் இந்த மைக்குக்குப் பணம் கொடுப்பது நான் என்று முழங்கினார். அந்த மாநிலம் அவருக்கு. டிரம்ப்பே 2016இல் ஐயோவாவுக்கு முந்தைய கடைசி விவாதத்தைப் புறக்கணித்து, அங்கே டெட் குரூஸிடம் தோற்றவர்தான்.

2023இல் மட்டும் அது பலித்ததற்குக் காரணம் முன்னணியின் அளவு. டிரம்ப் பாதிக்கு மேல் ஆதரவு வைத்திருந்தார். மேடையில் இருந்தவர்களில் பலர் அவருடைய ஆதரவாளர்களுக்காகவே போட்டியிட்டதால் அவரைத் தொடத் தயங்கினார்கள். மில்வாக்கி விவாதத்துக்கு மறுநாளே அட்லாண்டா சிறையில் அவர் சரணடைந்து எடுத்த புகைப்படம் வெளிவந்தது. அதற்குப் பிறகு விவாதத்தைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை.

முடிந்த மறுநாள் எதைப் பார்ப்பது?

யார் அதிக நேரம் பேசினார் என்ற பட்டியலைப் பார்க்க வேண்டாம். மில்வாக்கியில் அதிகம் பேசியவர் பென்ஸ், அக்டோபரிலேயே விலகிவிட்டார். ஜெயித்தது யார் என்று அன்றிரவே எடுக்கும் இணைய வாக்கெடுப்பும் பெரிதாக ஒன்றும் சொல்லாது.

இரண்டு வாரம் பொறுத்து, முதலில் வாக்களிக்கும் மாநிலங்களின் கணிப்பைப் பாருங்கள். அதைவிட நம்பகமானது பணம். தேர்தலுக்கு முந்தைய ஆண்டில் ஒவ்வொரு காலாண்டும் முடிந்த சில வாரங்களில் வேட்பாளர்கள் வரவு செலவுக் கணக்கைத் தேர்தல் ஆணையத்திடம் கொடுத்தாக வேண்டும். 2023இன் இரண்டாம் காலாண்டில் 73 லட்சம் டாலர் திரட்டியதாகச் சொன்ன ஹேலி தரப்பு, மில்வாக்கி விவாதம் நடந்த மூன்றாம் காலாண்டில் 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல் என்றது. நவம்பர் இறுதியில் பெருந்தொழிலதிபர்களான கோக் சகோதரர்கள் வளர்த்த அரசியல் அமைப்பு அவருக்கு ஆதரவு அறிவித்தது. மேடையில் நின்ற எட்டுப் பேரில் கடைசிவரை களத்தில் இருந்தவரும் அவர்தான். நியூ ஹாம்ப்ஷயரில் கட்சியில் பதியாத வாக்காளர்களின் தயவில் 43 சதவீதம் வாங்கி, சூப்பர் செவ்வாயில் வெர்மான்ட்டை மட்டும் வென்று, 2024 மார்ச் 6 அன்று விலகினார்.